வீட்டுக்குள் படம் எடுக்கிறீர்களா? கதவின் தலையை வெட்டாதீர்கள்!

படத்தில் பார்த்த வீட்டுக்கு நேரில் போய் நின்று, "இது அந்த வீடுதானா?" என்று கேட்டவர்கள் பலர் உண்டு. படத்தில் கூடம் பெரிதாக இருந்தது. நேரில் சிறிதாக இருக்கிறது. படத்தில் ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தது. நேரில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

காமிரா பொய் சொல்லாது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் காமிரா பாதி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பவர், அதைக் கையில் பிடித்திருப்பவர்.

இன்று செல்போன் இல்லாத வீடு அபூர்வம். செல்போன் இருந்தால் காமிராவும் இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் புது வீட்டைக் காட்ட வேண்டுமா? மாடிப் பகுதியை வாடகைக்கு விட வேண்டுமா? பழைய வீட்டை விற்கும் முன்பு ஞாபகத்துக்கு ஒரு படம் வேண்டுமா? உடனே எடுத்துவிடுகிறோம்.

ஆனால், வெட்டவெளியில் படம் எடுப்பது வேறு. வீட்டுக்குள் எடுப்பது வேறு. கோவில் கோபுரத்தை எடுக்கும்போது, படத்தில் அடங்கவில்லை என்றால் பத்து அடி பின்னால் போகலாம். வீட்டுக்குள் இரண்டு அடி பின்னால் போனாலே முதுகில் சுவர் இடிக்கும். ஆகவே, எந்த வடிவத்தில் எடுப்பது என்ற கேள்வி வீட்டுக்குள்தான் பெரிய கேள்வியாகிறது.

12 அடிச் சுவர்

செல்போன் காமிராவைத் திறந்து பாருங்கள். 4:3, 16:9, 1:1 என்று எண்கள் இருக்கும். சில போன்களில் 3:4, 9:16 என்று மாற்றிப் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். பலர் இதைத் தொடுவதே இல்லை. கணக்குப் பாடம் என்று பயந்து விட்டுவிடுகிறார்கள்!

பயப்பட வேண்டாம். 4:3 என்றால், படம் 4 பங்கு அகலம், 3 பங்கு உயரம். அவ்வளவுதான். போனை நிமிர்த்திப் பிடித்தால் 3 பங்கு அகலம், 4 பங்கு உயரம். 1:1 என்பது சதுரம்.

உங்கள் கூடத்தில் 12 அடி அகலமுள்ள ஒரு சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரில் 7 அடி உயரத்துக்கு ஒரு கதவு. எதிர்ச் சுவரில் முதுகு படிய நின்று, போனைப் படுக்க வைத்துப் பிடிக்கிறீர்கள். 12 அடியும் படத்தின் அகலத்துக்குள் சரியாக அடங்குகிறது.

4:3 வடிவத்தில் எடுத்தால், சுவரில் 9 அடி உயரம் தெரியும். கதவு முழுதும் வந்துவிடும். அதற்கு மேலே மாட்டியிருக்கும் சாமி படமும் வரும்.

அதே இடத்தில் நின்று 16:9 வடிவத்தில் எடுங்கள். இப்போது தெரிவது 6 அடி 9 அங்குல உயரம்தான். 7 அடிக் கதவு 6 அடி 9 அங்குலத்துக்குள் அடங்குமா? ஒன்று கதவின் தலை போகும். இல்லை என்றால் கால் போகும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 16:9 படத்தைப் பார்க்கிறவர்கள், "அடே, எவ்வளவு அகலமான கூடம்!" என்கிறார்கள். அகலம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. முன்பு தெரிந்த அதே 12 அடிதான். உயரத்தில் கால் பங்கு குறைந்தது. அதனால் அகலம் கூடியதுபோலத் தோன்றுகிறது. குட்டையானவர் பக்கத்தில் நிற்பவர் நெட்டையாகத் தெரிவது போலத்தான்!

பெரும்பாலான செல்போன்களில் 4:3 என்பதுதான் முழுப் படம். மற்ற வடிவங்களை அதிலிருந்து வெட்டித்தான் போன் கொடுக்கிறது. 16:9 கேட்டால் மேலும் கீழும் வெட்டும். சதுரம் கேட்டால் இரண்டு பக்கமும் வெட்டும். நமது 12 அடிச் சுவர் சதுரப் படத்தில் 9 அடிச் சுவராகிவிடும். எந்த வடிவம் வேண்டுமானாலும் முதலில் 4:3-ல் எடுங்கள். வெட்டுவதைப் பிறகு நீங்களே செய்யலாம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

வடிவங்கள் வந்த கதை

4:3, 16:9 என்ற இந்தக் கணக்குகளை வகுத்தது யார்? நம் வீட்டை அளந்து பார்த்து யாரும் வகுக்கவில்லை. எல்லாம் பிலிமையும் திரையையும் பார்த்து வந்தவை.

4:3 என்பது ஊமைப் படக் காலத்து வடிவம். 1890-களில் அமெரிக்காவில், எடிசனின் சோதனைச்சாலையில் டிக்ஸன் என்பவர் வேலை பார்த்தார். 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமில் சினிமாக் கட்டத்தை அந்த அளவில் அமைத்தவர் அவர்தான். பிறகு டெலிவிஷனும் அதே வடிவத்தில் வந்தது.

ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊரில், லைட்ஸ் கம்பெனியில் ஆஸ்கார் பர்னாக் என்று ஒருவர் இருந்தார். அவருக்குப் படம் எடுப்பதில் மோகம். உடம்பிலோ இழைப்பு நோய். கண்ணாடித் தட்டு போட்ட கனமான காமிராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியவில்லை. ஆகவே, சினிமா பிலிமைப் போட்டு எடுக்கும் ஒரு சின்னக் காமிராவைச் செய்தார். சினிமாக் கட்டம் ஒன்று 18 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். அது போதாது என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்து 24-க்கு 36 ஆக்கினார். 3:2 என்ற வடிவம் இப்படித்தான் வந்தது. லைக்கா என்ற அந்தக் காமிரா 1925-ல் கடைக்கு வந்தது. இன்று கல்யாண வீடுகளில் கழுத்தில் தொங்கவிட்டு எடுக்கும் பெரிய காமிராக்களில் பெரும்பாலானவை இந்த 3:2 வடிவம்தான்.

டெலிவிஷன் வீட்டுக்கு வந்ததும், சினிமாக்காரர்கள் ஜனங்களைக் கொட்டகைக்கு இழுக்கத் திரையை அகலமாக்கினார்கள். 1953-ல் சினிமாஸ்கோப் வந்தது. பிற்காலத்தில், பழைய டெலிவிஷனுக்கும் அகலத் திரைக்கும் நடுவில் ஒரு சமரசமாக 16:9 ஏற்பட்டது. குதிரைகளும் பாலைவனமும் ஓடுகிற திரைக்கு அது நல்லதுதான். 8 அடி அகலமுள்ள சமையலறைக்கு ஏன்?

எந்த அறைக்கு எது?

எந்த வடிவம் என்பதை அந்த அறையைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

கும்பகோணம் பக்கத்து அக்கிரகார வீடுகளை நினைத்துப் பாருங்கள். அகலம் குறைவு; நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, கொல்லை என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். செட்டிநாட்டு வீடுகள் இன்னும் பெரியவை. ஒரு தெருவில் வாசல் என்றால் அடுத்த தெருவில் பின் வாசல். நடுவில் உள்ள வாசல்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். இப்படிப்பட்ட வீட்டை, போனைப் படுக்க வைத்து எடுத்தால் இரண்டு பக்கமும் வெறும் சுவர்தான் வரும். போனை நிமிர்த்திப் பிடியுங்கள். நிலைப்படியின் நடுவில் நில்லுங்கள். வாசலுக்குள் வாசல், அதற்குள் வாசல் என்று வீட்டின் முழு நீளமும் படத்தில் வந்துவிடும்.

முற்றத்துக்கு ஒரு படம் போதாது. மூலையில் நின்று, படுக்க வைத்து ஒன்று எடுக்கலாம். தூண்களும் தாழ்வாரமும் வரும். நிமிர்த்தி ஒன்று எடுக்க வேண்டும்; தரையில் விழும் வெயிலும், அது எந்த வழியாக வருகிறது என்பதும் அதில்தான் தெரியும். மாடிப் படி, குறுகலான சமையலறை, குளியலறை எல்லாவற்றுக்கும் நிமிர்ந்த படமே நல்லது. பூஜை அலமாரிக்குச் சதுரம் நன்றாக இருக்கும். அகலப் படம் எதற்குப் பொருந்தும் என்றால், நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாக இலை போட்டுச் சாப்பிடும் பந்திக்குப் பொருந்தும்!

போனை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது? தரையிலிருந்து சுமார் 4 அடி. பெரும்பாலோருக்கு அது நெஞ்சு உயரம். கண் உயரத்தில் பிடித்தால் தரை போய்விடும். தரையைக் காட்டப் போனைக் கவிழ்ப்பீர்கள். கவிழ்த்தால் சுவர்கள் சாய்ந்துவிடும். அண்ணாந்து பிடித்தாலும் அப்படியே. தூண்கள் ஒன்றை நோக்கி ஒன்று விழுவதுபோல் இருக்கும். போனை நேராகப் பிடிப்பதே வழி. சாய்ந்த சுவரைப் பிறகு போனிலேயே நிமிர்த்தலாம். ஆனால், நிமிர்த்தும்போது ஓரங்களில் கொஞ்சம் வெட்டுப்படும். ஆகவே, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுப்பது புத்திசாலித்தனம்.

கத்தரிக்கோல் கலைஞர்

படத்தை வெட்டுவதே பாவம் என்று சொல்லிவிட முடியாது. கத்தரிக்கோலால் புகழ் பெற்றவரே இருக்கிறார்!

அவர் பெயர் லூசியன் எர்வே. ஹங்கேரியில் 1910-ல் பிறந்தவர், பிரான்சில் வாழ்ந்தவர். 1949-ல் மார்செய் நகரத்துக்குப் போனார். அங்கே கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே ஒரு பெரிய அடுக்கு வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். பஞ்சாபில் சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்டாரே, அவரேதான். எர்வே அந்தக் கட்டடத்தை ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார். எடுத்து, லெ கொர்பூசியேக்கு அனுப்பிவைத்தார். பார்த்தவர் அசந்துபோனார். கட்டடக் கலைஞரின் உள்ளம் உமக்கு இருக்கிறது என்று பாராட்டி, எர்வேயைத் தமது கட்டடங்களைப் படம் எடுப்பவராக வைத்துக்கொண்டார். 1965-ல் லெ கொர்பூசியே இறக்கும் வரை அந்த உறவு நீடித்தது. எர்வே சண்டிகருக்கும் வந்து படம் எடுத்திருக்கிறார்.

எர்வேயின் காமிராவில் விழுந்தது சதுரப் படம். ஆனால், அவர் சதுரத்தோடு நிற்கவில்லை. பிரதி போட்டபின் கத்தரிக்கோலை எடுப்பார். ஒரு படிக்கட்டின் நிழல்தான் வேண்டும் என்றால் அதை மட்டும் விட்டு, மீதியை நறுக்கிவிடுவார். ஒல்லியான நெட்டைப் படம் வரும். பட்டைபோல் நீண்ட படமும் வரும். எந்தக் கணக்குக்கும் அவர் கட்டுப்படவில்லை.

பிரான்சிலேயே கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற புகழ் பெற்ற படக்காரர், எடுத்த படத்தை வெட்டக் கூடாது என்ற கட்சி. ஆனால், 1932-ல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்புறம், தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டுவதை அவர் எடுத்த படம் உலகப் பிரசித்தம். வேலி இடுக்கு வழியாக எடுத்தார். ஓரத்தில் வேலிப் பலகை மறைத்துவிட்டது. அதை வெட்டித்தான் வெளியிட்டார்!

எர்வே வெட்டியது, தாம் பார்த்ததை நாமும் பார்க்க வேண்டும் என்பதற்காக. அவர் படத்தை நம்பி யாரும் முன்பணம் கொடுக்கவில்லை. வாடகை வீட்டுப் படம் அப்படியா?

பீரோ போகாத அறை

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவருக்கு மதுரையிலிருந்து சென்னைக்கு மாற்றல். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். வந்து வீடு பார்க்க அவகாசம் இல்லை. செல்போனில் வந்த ஆறு படங்களைப் பார்த்து, கணவனும் மனைவியும் கலந்து பேசி, முன்பணத்தை அனுப்பிவிட்டார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம்.

லாரியில் சாமான் வந்து இறங்கியது. படுக்கையறையின் நடுவே, கதவுக்கு மூன்று அடி தள்ளி, ஒரு தூண்! கட்டிலைப் போட்டால் பீரோ நுழையாது. பீரோவை வைத்தால் கட்டிலுக்கு இடமில்லை. ஜன்னல் நிஜம்தான். ஆனால், ஜன்னலுக்கு வெளியே இரண்டு அடியில் பக்கத்து வீட்டுச் சுவர்.

"படத்தில் தூண் இல்லையே" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"படத்தில் எல்லாம் வருமா?" என்றார் வீட்டைக் காட்டியவர்.

அந்தப் படங்களை எனக்குக் காட்டினார்கள். பொய் ஒன்றும் இல்லை. இடது பக்கம் கொஞ்சம் வெட்டப்பட்டிருந்தது. தூண் இருந்தது அந்தக் கொஞ்சத்தில்தான். ஜன்னல் படத்தை மேல் பாதியோடு நிறுத்தியிருந்தார்கள். பீரோ இன்றும் கூடத்தில்தான் நிற்கிறது.

இப்படி அகப்பட்டுக்கொள்ளாமல் இருக்கச் சில வழிகள் உண்டு. படத்தின் வடிவமே துப்புக் கொடுக்கும். முழுப் படம் 4:3, 3:2, 16:9 போன்ற ஏதாவது ஒரு கணக்கில் இருக்கும். வந்த ஆறு படங்களில் ஐந்து ஒரே வடிவம், ஆறாவது மட்டும் ஒல்லியாகவோ குட்டையாகவோ இருந்தால், யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள். "வெட்டாத படத்தை அனுப்புங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்து, தரையைப் பாருங்கள். இப்போது பல வீடுகளில் 2 அடிக்கு 2 அடி அளவுள்ள கல் பதிக்கிறார்கள். சுவர் ஓரமாக ஐந்து கல் இருந்தால் 10 அடி. எண்ணிப் பார்த்தால் அறை எவ்வளவு என்று தெரிந்துவிடும். கல்லின் அளவு என்ன என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; ஓர் அடிக் கல்லும் உண்டு. தரையே தெரியாத படம் என்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

படத்தின் ஓரத்தில் உள்ள சாமான்களையும் கவனியுங்கள். ஓரத்தில் இருக்கும் வட்டக் கடிகாரம் முட்டை மாதிரி இழுபட்டிருக்கிறதா? நாற்காலி சோபா அளவுக்கு நீண்டிருக்கிறதா? அப்படியானால், 0.5 என்று போட்டிருக்கும் அகல லென்ஸில் எடுத்த படம் அது. அந்த லென்ஸ் சின்ன அறையையும் மண்டபம்போல் காட்டும்.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். அறையின் நான்கு மூலையிலும் நின்று, 4:3-ல், வெட்டாமல் நான்கு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். தூண் இருந்தால் தெரியட்டும். தூணைப் பார்த்துவிட்டு வருகிறவர் வந்தபின் சண்டை போட மாட்டார்.

இடிக்கும் முன்பு எடுங்கள்

ஊர் ஊராக முற்றம் வைத்த பழைய வீடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறார்கள். வீடு கைமாறுகிறது, அடுக்கு வீடு எழும்புகிறது. கடைசி நாளில் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே போய் எடுப்பவர் ஒருவர் இருவர்தான். எடுத்தாலும், "அந்தப் பழைய காலண்டர் எதற்கு? ஒட்டடை எதற்கு?" என்று ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள்.

அந்த ஓரத்தில்தான் ஊஞ்சல் சங்கிலி மாட்டிய கொக்கி இருக்கிறது. நிலையில் பிள்ளைகளின் உயரத்தை வருஷா வருஷம் பென்சிலால் கோடு போட்ட அடையாளம் இருக்கிறது. பீங்கான் சுவிட்சு இருக்கிறது. அம்மி கிடந்த இடத்தில் தரை தேய்ந்த பள்ளம் இருக்கிறது. பத்து வருஷம் கழித்துப் படத்தைப் பார்க்கும் பாட்டி, நடுக்கூடத்தைப் பார்க்க மாட்டாள். அந்தக் கொக்கியைத்தான் தேடுவாள். வீடு இருந்தால் போய்ப் பார்க்கலாம். வீடுதான் இல்லையே!

ஆகவே, பழைய வீட்டை எடுக்கும்போது சாமானை ஒதுக்காதீர்கள். ஒவ்வோர் அறைக்கும் படுக்கை வாட்டில் ஒன்று, நிமிர்ந்த வாட்டில் ஒன்று எடுங்கள். வெட்டி அழகு பார்க்க ஆசையாக இருந்தால், போனில் முதலில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலை வெட்டுங்கள். முழுப் படம் அப்படியே இருக்கட்டும்.

பிறகு, காகிதத்தில் போட்டு வையுங்கள். போன் உடையும், தொலையும். ஆனால், ஸ்டூடியோவிலும் ஒரு கத்தரிக்கோல் காத்திருக்கிறது! வழக்கமான சின்னக் காகிதம் 4 அங்குலத்துக்கு 6 அங்குலம். அது 3:2 வடிவம். உங்கள் போன் படமோ 4:3. அது 6 அங்குல அகலத்துக்கு வந்தால், உயரம் 4½ அங்குலம் வேண்டும். காகிதத்தில் இருப்பது 4 அங்குலம். அரை அங்குலம் போய்விடும். கேட்காமலே வெட்டிவிடுவார்கள். கூடத்துப் படத்தில் அந்த அரை அங்குலம் என்பது, நமது 12 அடிச் சுவர்க் கணக்கில், முழுசாக ஓர் அடி.

பெரிய காமிராவில் எடுத்த 3:2 படத்தை 8-க்கு 10 காகிதத்தில் போட்டால் இன்னும் மோசம். 12 அங்குலம் வேண்டிய இடத்தில் 10 அங்குலம்தான் இருக்கும். வரிசையில் கடைசியாக நிற்கும் மாமாவுக்குப் பாதி முகம் போவது இதனால்தான்.

4:3 படத்துக்கு 6-க்கு 8 அங்குலக் காகிதம் சரியாகப் பொருந்தும். அது கிடைக்காவிட்டால், ஸ்டூடியோக்காரரிடம், "படத்தை வெட்ட வேண்டாம். முழுசாகப் போட்டு, ஓரத்தில் வெள்ளை விட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள். போட்டுக் கொடுப்பார். அந்த வெள்ளை இடத்தில், எந்த அறை, எந்த வருஷம் என்று பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.